ஐப்பசியில் ஒரு ஏரிக்கரை வீடு

ராஜா,

இந்தக் கடிதத்தை ஆபீசுக்குக் கிளம்புகிற அவசரத்தில் பிரிக்காதே. சனிக்கிழமை வரட்டும். சுமனாவும் பக்கத்தில் இருக்கட்டும். காபியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து படி. இங்கே எல்லோரும் சுகம். உங்கப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் அதை வெளியே சொன்னால் அவருக்குக் கோபம் வரும், அதனால் சுகம் என்றே வைத்துக்கொள். ஆனி முடியப் போகிறது, மேட்டூர் இன்னும் திறக்கவில்லை. கால்வாயில் தண்ணீருக்குப் பதில் மணல்தான் காற்றில் ஓடிக்கொண்டிருக்கிறது. பூதலூர் ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டிப் போகிறார்கள். இப்படிப்பட்ட நாளில் உன் அம்மா இமயமலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் ஏரிக்கரை வீட்டை வாடகைக்குப் பிடித்திருக்கிறாள் என்று கேட்டால் நீ சிரிப்பாய். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

வேலையில் இருந்த காலமெல்லாம் நான் பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்தினேன். சுவரில் மாட்டிய வரைபடத்தில் இமயமலையைக் குச்சியால் தொட்டுத் தொட்டு அந்த இடத்தில் காகிதமே வெளுத்துவிட்டது. ஆனால் நான் பார்த்த உயரமான இடம் திருச்சி மலைக்கோட்டைதான். ரிட்டயரானதும் தஞ்சாவூரில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய், நீ எழுதும் மெயிலைப் படிக்கக் கற்றுக்கொண்டேன் அல்லவா, அங்கே உட்கார்ந்திருந்த ஒரு நாள் மின்சாரம் போய்த் திரும்பி வந்தபோது திரையில் யாரோ முன்னால் பார்த்துவிட்டு விட்டுப்போன பக்கம் நின்றது. ஒரு மரவீடு. முன்னால் அகலமான வராந்தா. வராந்தாவை ஒட்டி அக்ரூட் மரம். அதைத் தாண்டி ஏரி. ஏரிக்கு அப்பால் மலை, மலைக்கு அப்பால் இன்னொரு மலை. குடும்பங்களுக்கு வாடகைக்கு விடப்படும் என்று கீழே எழுதியிருந்தது. நான் உனக்கு எழுத வந்த மெயிலை மறந்துவிட்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். நீயும் உங்கப்பாவும் சேர்ந்து எனக்கு வேறு வழி வைக்கவில்லை. நீ பெங்களூரில் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணத்தை முடித்துக்கொண்டு சுமனாவோடு வந்து நின்ற அன்று நடந்ததை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்வேன், என் மனசு ஆறவில்லை. அந்தப் பெண் செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தாள். அப்பா நிலைப்படியில் கையை வைத்துக்கொண்டு, "இந்த வாசல்ல நீ கால் வைக்க வேணாம்"னார். அவர் சொன்னது உன்னைத்தான், ஆனால் அவள் குனிந்து அந்தச் செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். அதைப் பார்த்துத்தான் உனக்கு ரத்தம் கொதித்தது. "இனிமே நீங்களா எங்க வீட்டுக்கு வந்தாத்தான் உண்டு. நான் வரமாட்டேன்"னு நீயும் தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினாய். அப்புறம் அமெரிக்கா. அப்புறம் குழந்தை தியா. இந்த வீட்டுக்கு நீ வரமாட்டாய், அந்த வீட்டுக்கு அவர் வரமாட்டார். அப்பனும் மகனும் ஒரே மண்ணில் செய்த பானைகள்தானே! எனக்கு உங்கள் இரண்டு பேர் மேலேயும் ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் தோன்றியது: இது உன் வீடும் இல்லை, அவர் வீடும் இல்லை. இந்த வாசலை மிதிப்பதில் யாருக்கும் தோல்வி இல்லை. அக்கா ஸ்டெல்லாவும் திருச்சியிலிருந்து மாப்பிள்ளையோடும் இரண்டு பையன்களோடும் வந்துவிட்டால், நாம் எல்லோரும் ஒரு கூரைக்குக் கீழே ஒரு வாரம் சாப்பிடலாம். உனக்கு அப்போதே போனில் சொன்னேன், நீ "பாக்கலாம்மா" என்றாய். உன்னுடைய பாக்கலாம் எனக்குத் தெரியும். அதனால்தான் இப்போது கடிதம்.

அப்பாவிடம் ஸ்டெல்லா குடும்பமும் நாமும் என்று மட்டும்தான் சொல்லி வைத்தேன். படத்தை அச்செடுத்துக்கொண்டு வந்து காட்டினேன். அந்தக் கடையில் கறுப்பு மைதான், அதனால் ஏரி சாம்பலாக இருந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "தண்ணி என்ன நிறம்?" என்றார். நீலம் என்றேன். அவர் நம்பவில்லை. அவருக்குத் தண்ணீர் என்றால் செம்மண் கலரில் நுரையைத் தள்ளிக்கொண்டு வருகிற புதுத்தண்ணிதான். "வைகாசியில போலாமா, மே மாசம், எல்லாருக்கும் லீவு" என்று கேட்டேன். என்னைப் பைத்தியக்காரியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். "கோடையில ஏரியில என்னம்மா இருக்கும்? வெடிச்ச சேறும் நாலு கொக்கும் இருக்கும். அதுக்கா அவ்ளோ தூரம் போறது? தண்ணி வர்ற காலத்துல போவணும். ஆடியில வெச்சுக்க. நாத்து விடறதுக்குள்ள திரும்பிடலாம்."

கேட்டவுடன் எனக்கும் சரி என்று பட்டது, ராஜா! தென்மேற்குப் பருவக்காற்று எங்கே மோதும், எந்தச் சரிவில் கொட்டும் என்று எத்தனை வகுப்புக்கு நடத்தியிருக்கிறேன். பரீட்சையில் படம் வரையச் சொல்லி மதிப்பெண் போட்டிருக்கிறேன். ஆனால் ஆடி என்றதும் எனக்குள்ளே பாடப்புத்தகம் மூடிக்கொண்டு கால்வாய் திறந்துகொண்டது. ஆடியில் தண்ணீர் வரும். தண்ணீர் வந்தால் நல்லது. இதற்கு மேல் இந்த ஊர்க்காரிக்கு என்ன புவியியல்? அந்த ஏரிக்கரை வீட்டின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. அவருக்கு ஆடி மாதத் தேதிகளை எழுதினேன். "நிச்சயமாக இந்தத் தேதிகள்தானா?" என்று பதில் கேட்டிருந்தார். எவ்வளவு மரியாதையான மனிதர், நம் சௌகரியத்தைக் கேட்கிறாரே என்று பூரித்துப்போய் நிச்சயம் என்று எழுதிவிட்டேன். அந்த மாதத்தில் வேறு ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதை என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் பாதி இந்த ஊரிலும் பாதி அந்த ஏரிக்கரையிலும்தான் இருந்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் ஃபேனுக்கு அடியில் படுத்தால் அந்த மரவீடு வந்துவிடும். நாம் பழகிய தண்ணீர் எல்லாம் எங்கேயோ போகிற தண்ணீர். நம் முறை வந்ததும் ஓடிப்போய் மடையைத் திறக்க வேண்டும், அசந்தால் அடுத்தவன் வயலுக்குப் போய்விடும். ஏரித் தண்ணீருக்கு எந்த அவசரமும் கிடையாது. அது யாருக்கும் முறை வைத்து வராது. காலையில் பார்த்த தண்ணீர் சாயங்காலமும் அங்கேயே இருக்கும், நாம் பார்க்காவிட்டாலும் கோபித்துக்கொண்டு போகாது. அதன் மேல் வெள்ளையாக மூட்டம் படுத்திருக்கும், வெயில் ஏற ஏற அது எழுந்து மலை மேல் போகும். நான் வராந்தாவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளே யாரோ சமைத்துக்கொண்டிருப்பார்கள், அது நானாக இருக்கமாட்டேன். தண்ணீர் ஓரத்தில் தியா தன் பாட்டுக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். அவள் முகம் எனக்கு ஃபோட்டோவில் பார்த்த முகம்தான், அதனால் கனவில் அவள் அசையும்போதெல்லாம் முகம் கலங்கிக் கலங்கித் தெரியும். நீயும் அப்பாவும் படகில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பீர்கள். பேசமாட்டீர்கள். துடுப்பு மட்டும் போட்டுக்கொண்டிருப்பீர்கள். எனக்கு அதுவே போதும் என்று இருக்கும். அந்த இடத்தில் பால்காரர் மணி அடித்துவிடுவார்.

அறைகளைக்கூடப் பிரித்துவிட்டேன். ஏரியைப் பார்த்த மாடி அறை உங்களுக்கு. கீழே எங்களுக்கு, முழங்காலுக்காக. நடுவில் ஸ்டெல்லா, இரண்டு பக்கமும் சமாதானம் பேச. இதைச் சொல்கிறபோதே உனக்கு ஒன்றிரண்டு சொல்லி வைக்கிறேன், கேட்டுக்கொள். போன முதல் நாளே பழைய பேச்சை எடுக்காதே. மலையைப் பற்றிப் பேசு, குளிரைப் பற்றிப் பேசு. அப்பா ஏதாவது தப்பாகச் சொன்னால் உடனே திருத்தாதே. நீ இன்டர்நெட்டைத் திறந்து காட்டி ஜெயிக்கிற ஒவ்வொரு தரமும் அவர் ஒரு நாள் பேசமாட்டார். சுமனா அவருக்குப் பரிமாற ஓடிவர வேண்டாம். அவளும் உட்கார்ந்து சாப்பிடட்டும். அவளுக்கு அந்த மரியாதை பாக்கி இருக்கிறது. இன்னொன்று. சுமனா வேற மதம் என்பதுதான் அப்பாவுக்குக் கோபம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதுவும் இருந்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவரைக் குத்தியது வேறு. நம் மாதா கோயிலில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் மூன்று ஞாயிறு பூசையில் பெயர் சொல்லி ஓலை வாசிப்பார்கள், நீ கேட்டு வளர்ந்தவன்தானே. வாசித்ததும் அந்தப் பிள்ளையின் அப்பனை ஊரே திரும்பிப் பார்க்கும். "ஊருல உள்ள புள்ளைங்க ஓலையெல்லாம் கேட்டேன். எம்புள்ள கல்யாணத்த உரக்கடையில நின்னு அடுத்தவன் சொல்லிக் கேட்டேன்"னு ஒரே ஒரு தரம் என்னிடம் சொன்னார். அதற்கப்புறம் சொல்லவே இல்லை.

எனக்கு இந்தப் பயணத்தில் இருந்த பயம் என்னவென்று உனக்குத் தெரியும். வேளாங்கண்ணியில் நாம் அறை எடுத்துத் தங்கினோமே, நீ அப்போது அரைக்கால் சட்டை. நம் குடும்பம் வெளியூரில் போய்த் தங்கியது அது ஒன்றுதான். கடலில் கால் நனைத்துவிட்டு வந்தோம், மறுநாள் தேர் பார்க்கலாம் என்று அப்பா உனக்குச் சத்தியம் செய்து கொடுத்தார். கடைத்தெருவில் நம் ஊர்க்காரர் ஒருவர் எதிரே வந்து, கால்வாயில் முறை மாறிவிட்டது, நாளைக்கு நம் பக்கம் தண்ணீர் என்று சொன்னதுதான் தாமதம். அப்பா அங்கேயே பஸ்ஸைப் பார்த்து நடந்துவிட்டார். நீ அவர் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினாய். தேர் வந்தபோது நீ பார்க்கமாட்டேன் என்று என் புடவைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாய். வயலுக்குத் தண்ணீர் என்றால் அவர் பெண்டாட்டி பிள்ளை யாரையும் பார்க்கமாட்டார் என்று நான் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். ஏரிக்கரை வரைக்கும் அழைத்துப் போய்விட்டு, அங்கேயும் ஒரு நாள் மேட்டூர் திறந்துவிட்டது என்று கிளம்பிவிட்டால் நான் என்ன செய்வேன் என்ற கவலை அரித்துக்கொண்டே இருந்தது.

ஆனால் இந்த மாதம் அவர் கேட்ட கேள்விகளைக் கேள். "நாலு ரூமு நமக்கு எதுக்கு?" என்றார் முதலில். வீடு அப்படித்தான் வருகிறது என்று மழுப்பினேன். சரி என்று போய்விட்டார். இன்னொரு நாள், "படிக்கட்டு இருக்கா, நேரா எறங்கற மாதிரியா? ஓரத்துல ஆழம் எவ்ளோ?" என்றார். பிறகு, "வராந்தாவுக்குக் கம்பி அடிச்சிருக்கா? கம்பிக்கு நடுவுல எவ்ளோ சந்து?" என்றார். ஸ்டெல்லாவின் பையன்கள் பாலத்தின் மேலிருந்து கால்வாயில் குதிக்கிறவர்கள். அவர்களுக்கு எதற்கு இவ்வளவு பந்தோபஸ்து என்று எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. டீச்சர் வேலை பார்த்து என்ன பிரயோஜனம், சொல்!

போன வியாழக்கிழமை காலை. நான் அடைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன், கை முழுக்க மாவு. போன் அடித்தது, அப்பாவே எடுத்தார். "எஸ் சார், ஹஸ்பெண்ட் ஸ்பீக்கிங்"னு அவருடைய பழைய காலேஜ் இங்கிலீஷ் முழங்கியது. அந்த ராணுவக்காரர்தான். சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கிறேன், அப்பாவுடைய முகம் மாறுகிறது.

"டீச்சர்! ஆடியில அங்க மலையே சரிஞ்சு ரோட்டுல விழுமாம்! இப்பவே வீட்டுக்குக் கீழ ரோடு போயிருச்சாம். வராதீங்கங்கறாரு!"

"நீங்கதானங்க ஆடின்னு சொன்னீங்க!"

"நான் விவசாயி. நீல்ல ஜாகிரபி டீச்சரு?"

அதையே போனில் இங்கிலீஷிலும் சொன்னார். அந்தப் பக்கம் அந்த மனிதர் சிரித்திருக்க வேண்டும், அப்பாவும் சிரித்தார். ஏரி வற்றுமா என்று கேட்டார். வற்றவே வற்றாது, மே மாதம்தான் ததும்ப நிற்கும் என்று பதில் வந்தது போல, "இன் மே, ஃபுல் வாட்டர்? மை காட்" என்றார். பிறகு எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறார்கள். நான் அப்படியே நின்றுவிட்டேன். போன் நம்பர் கொடுத்தது நான், எட்டுப் பேர்... இல்லை, ஒன்பது பேர் என்று எழுதிக் கொடுத்ததும் நான். என் கள்ளத்தனம் இப்போது வெளியே வந்து வீடே ரெண்டாகப் போகிறது என்று சேசுவே, மாதாவே என்று உள்ளுக்குள் கூப்பிட்டேன்.

"வீ ஆர் டூ," என்றார் அப்பா. "மை டாட்டர். ஹர் ஹஸ்பெண்ட். டூ பாய்ஸ்." நிறுத்தினார். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேட்டிருக்க வேண்டும். "நோ, நோ. நாட் ஃபினிஷ்டு. மை சன்." போனை மறு காதுக்கு மாற்றினார். "மை சன்ஸ் ஒய்ஃப். அண்ட் ஒன் கேர்ள்." கட்டிலா தொட்டிலா என்று கேட்டிருப்பார்கள் போல. "நாட் பேபி, சார். ஷீ வாக்ஸ். ஷீ ரன்ஸ். வெரி ஃபாஸ்ட் ரன்னர்."

யார் சொன்னது அவருக்கு, அவள் ஓடுவாள் என்று? நீ என்னிடம் போனில் சொன்னதை நான் ஸ்டெல்லாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன், அப்போது பக்கத்து அறையில் பேப்பர் படிக்கிற மாதிரி இருந்தவர் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறார், உங்களையும் அழைக்க நான் போட்ட திட்டத்தையும். நான் அந்த மாவுக் கையோடு நிலைக்கதவில் சாய்ந்து அழுதேன், ராஜா.

போனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "அக்டோபர்ல வர்றோம்னு சொல்லிட்டேன்" என்றார், தினமும் சொல்கிற விஷயம் மாதிரி.

"அக்டோபர்னா ஐப்பசிங்க. மேட்டூர் லேட்டா தொறந்தா அப்பதான நடவு வரும்!"

"தெரியும்."

"மே மாசமும் ஆகும்னாராமே? அப்ப வயல்ல ஒரு வேலையும் இருக்காதே. அது வரைக்கும் பொறுத்தா..."

"மேக்கு இன்னும் எவ்ளோ நாள் கெடக்கு! அதுக்குள்ள அது ஸ்கூலுக்குப் போயிரும், பெரிய மனுஷியாயிரும். நெல்லு வருஷா வருஷம் வரும்மா. அந்தக் குட்டி மறுபடி மூணு வயசுல வருமா?"

"நடவ யாரு பாப்பா?"

"யாராச்சும் பாக்கட்டும். பாக்கலன்னா கெட்டுப்போவட்டும், போ!"

கெட்டுப்போவட்டும் என்றார், ராஜா. வயலைப் பார்த்து. அவர் வாயால். இந்த வீட்டுக்கு நான் வாழ வந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் நாற்றங்காலில் மேய்ந்த மாட்டைப் பார்த்துக்கூடச் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொண்ணு குளிரு தாங்குமா?" என்று கேட்டார். எனக்குக் கொஞ்சம் விளையாடத் தோன்றியது. "எந்தப் பொண்ணு?" என்றேன். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஒன் மருமவதான்"னு சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

ஒன் மருமவ. தன் மருமகள் என்று இன்னும் சொல்லவில்லை. இங்கிலீஷில் சொல்ல முடிந்தது, தமிழில் பாதி தூரம்தான் வந்திருக்கிறது. அவர் வயசுக்கும் வீம்புக்கும் அது கொஞ்ச தூரம் இல்லை. மீதியை நீ நடக்க வேண்டும். அவரே கூப்பிட்டால்தான் என்று நீ வைராக்கியமாக உட்கார்ந்திருக்கிறாய், எனக்குத் தெரியும். யாரோ முகம் தெரியாத ராணுவக்காரரிடம் உன்னையும் உன் பெண்டாட்டியையும் மகளையும் எண்ணிச் சொன்னாரே, அதைவிட எப்படியடா கூப்பிடுவார் அந்த மனுஷன்? சுமனாவிடம் கேள். செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டவள் அவள்தான். அவள் வரமாட்டேன் என்றால் நான் ஒரு வார்த்தை தப்புச் சொல்லமாட்டேன். அவள் சரி என்றால் உனக்குத் தனியாக ரோஷம் வேண்டாம்.

உன் போன் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்ததும் அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். நான் பேசி வைக்கும்வரை திரும்பமாட்டார். மாடு அவ்வளவு தண்ணீரையும் எப்படிக் குடிக்கிறதோ! இந்தக் கடிதத்தைப் படித்த மறுநாள் ஞாயிறு, நீ வழக்கம்போலக் கூப்பிடு. நான் வீட்டில்தான் இருப்பேன், போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஆனால் எடுக்கமாட்டேன். அவர் கொல்லையிலிருந்து வந்து எடுக்கிற வரைக்கும் அது அடிக்கட்டும். நீ வைத்துவிடாதே.

உன் அம்மா